பதில் வராத ஒத்திகைக் கடிதம்

கூட வேலை செய்பவர்கள் அவளைச் சல்லடை என்று கூப்பிடுவார்கள். எதைக் கையில் கொடுத்தாலும் சலித்துக் கல்லைப் பொறுக்காமல் விடமாட்டாள். பொறுக்கிய கல்லையும் தூக்கி எறிய மாட்டாள். யார் போட்டது, எப்போது போட்டது என்று எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். அப்படி எட்டு வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்த கல் ஒன்று உண்டு. அது அவளுடைய அக்காவின் கணவர்.

எட்டு வருடத்துக்கு முன் இருவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தார்கள். அவள் புதுசு, அத்தான் குழுத் தலைவர். தகவலைப் பூட்டி அனுப்ப எல்லோரும் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் ஒன்றில் அவள் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தாள். மூன்று வாரம் சோறு தண்ணி மறந்து கண்டுபிடித்தது. அந்த சாஃப்ட்வேரைப் பராமரிப்பவர்களுக்கு முறைப்படி நானே எழுதி அனுப்பிவிடுகிறேன் என்று அத்தான் வாங்கிக்கொண்டார். அறிவிப்பு வெளியானபோது ‘கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. சாஃப்ட்வேரில் ஓட்டை தேடும் இந்தத் தொழிலில் அந்த ஒரு வரிதான் பட்டம், பதக்கம் எல்லாம். அந்த வரியைக் காட்டியே மனிதர் மேடை ஏறினார், பேட்டி கொடுத்தார், சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். அவள் போய்க் கேட்டபோது சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

“வீட்டுக்குள்ள என்னம்மா உன் பேரு, என் பேரு?”

அக்கா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, “விடுடி” என்றாள். விட்டுவிடுகிற ஆளா அவள்? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தாள்.

வேலையை மாற்றிக்கொண்டு, அந்தப் பூட்டு சாஃப்ட்வேரைப் பராமரிக்கும் குழுவிலேயே போய்ச் சேர்ந்தாள். குழு என்றதும் பெரிய படை என்று நினைக்க வேண்டாம், மூன்றே பேர். பாதி உலகத்தின் ஃபோனும் ஆஸ்பத்திரியும் அலுவலகமும் தங்கள் ரகசியத்தை அந்த மூன்று பேரை நம்பித்தான் பூட்டிவைத்திருந்தன. யார் வேண்டுமானாலும் அந்தப் பூட்டை எடுத்துத் தங்கள் சாஃப்ட்வேருக்குள் பொருத்திக்கொள்ளலாம். அத்தானின் கம்பெனியும் பொருத்தியிருந்தது. மனநல ஆலோசகர்கள் தங்களிடம் வருகிறவர்கள் சொன்னதை எழுதிவைக்கும் குறிப்பேடுதான் அவர்களுடைய தயாரிப்பு. அதன் விளம்பரத்தில் அந்தப் பழைய ‘கண்டுபிடித்தவர்’ வரி கொட்டை எழுத்தில் இருக்கும். பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

பூட்டில் ஓட்டை கண்டுபிடித்தால் உடனே ஊருக்குச் சொல்லிவிட முடியாது. சொன்னால் திருடனுக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அதனால் முக்கியமான கம்பெனிகளுக்கு மட்டும் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இருப்பவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே ரகசியமாகத் தெரிவிப்பார்கள். அவர்கள் ஓட்டையை அடைக்கத் தயாரான பிறகுதான் ஊருக்கு அறிவிப்பு. பட்டியலில் இருப்பவர்கள் தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்று பார்க்க வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஒத்திகைக் கடிதம் மெயிலில் போகும். ‘படித்தேன்’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடலாம் என்பது விதி.

பட்டியலைப் பார்த்துக்கொள்வது சல்லடையின் வேலை. பதில் போடாத சோம்பேறிகளை ஃபோனில் கூப்பிட்டு, கெஞ்சி, திட்டி, எப்படியாவது அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிடுவாள். விதியில் அப்படிக் கூப்பிடச் சொல்லவில்லை. அது அவளுடைய நல்ல மனசு. இந்த வருடம் ஏழு பேர் பதில் போடவில்லை. ஆறு பேரைக் கூப்பிட்டாள். ஏழாவது அத்தானின் கம்பெனி. ஃபோனை எடுத்தாள், பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள். முப்பத்தோராவது நாள் காலையில் பெயரை எடுத்தாள்.

நான்கு மாதம் கழித்து அவளே அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள். வெளியே இருப்பவன் ‘என் சாவி இவ்வளவு நீளம்’ என்று சொன்னால் பூட்டு அதை அளந்து பார்க்காமல் நம்பிவிடுகிறது. பொய்யான நீளத்தைச் சொல்கிறவனுக்கு உள்ளே பக்கத்தில் கிடப்பதையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததற்குத் தடயம்கூட இருக்காது. சந்தேகமே இல்லை என்று இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாள். அடுத்த நிமிடம் பட்டியல் ஞாபகம் வந்தது. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அதை வெட்கமில்லாமல் அனுபவித்தாள்.

பட்டியலில் இருப்பவர்களுக்கு ரகசியக் கடிதம் அனுப்பும்போது குழுவில் மூத்தவர் மட்டும் ஒருதரம் கேட்டார், உன் அத்தான் கம்பெனியும் இதைத்தானே வைத்திருக்கிறது, சேர்த்துவிடலாமா என்று. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், சொந்தக்காரர்களுக்கு நான் சலுகை காட்டினால் நன்றாக இருக்காது என்றாள். எவ்வளவு நேர்மையான பெண் என்று அவர் பாராட்டினார். பாராட்டையும் வாங்கிக்கொண்டாள்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தான் வழக்கம்போல விஸ்தாரமாக அளந்தார். உங்க பூட்டு எல்லாம் எப்படிம்மா இருக்கு என்று பாவனையாகக் கேட்டார். நன்றாக இருக்கிறது அத்தான் என்று சொல்லி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது வெளியே தூறியது. அக்கா தன் குடையைக் கொடுத்து, தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தாள்.

அறிவிப்பு நாள் வந்தது. காலை பத்து மணிக்கு வெளியாகும் என்று ஏற்பாடு. குடையைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஒன்பதே முக்காலுக்கே அத்தானின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த முகத்தை நேரில் பார்க்க வேண்டும். எட்டு வருடம் காத்திருந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? அக்காவும் அங்கேதான் வேலை செய்தாள். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் பேசும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. ஐந்து மேஜை, ஐந்து ஹெட்போன், சுவரில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் பலகை. பலகையில் சைபர் இருந்தது. தங்கை வந்த சந்தோஷத்தில் அக்கா காபி எடுத்து வந்தாள்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு எஞ்சினியர் ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். பிறகு மூன்று பேர் எழுந்தார்கள். பத்தே காலுக்கு அத்தான் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஃபோன். திரையில் அறிவிப்பு. ‘கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

“இது உனக்கு எப்போ தெரியும்?”

“பதினாலு நாளா.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“ஒத்திகை மெயிலுக்கு நீங்க பதில் போடல, அத்தான். விதிப்படி எடுத்துட்டோம்.”

“வீட்டு ஆளுகிட்ட என்ன விதி?” ஃபோனை மேஜையில் வைத்தார். “ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்ல?”

“மூணு வாரம் உக்காந்து நான் கண்டுபிடிச்சதுக்கு என் பேரப் போட்டிருக்கலாம்ல?”

அலுவலகம் முழுக்கக் கேட்டது. அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். எட்டு வருடம் அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி அதுதான், ஒரு இம்மிகூடக் குறையவில்லை. எஞ்சினியர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சர்வரை மொத்தமாக நிறுத்துங்கள் என்று அவர் யாரிடமோ சொல்லிவிட்டுத் தளர்ந்து நடந்து போனார். சல்லடைக்கு நெஞ்சு நிறைந்தது. காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

சுவரில் இருந்த பலகையில் சைபர் பன்னிரண்டானது, பிறகு முப்பதானது. ஐந்து ஹெட்போன்களும் ஒரே சமயத்தில் ஒலித்தன. அக்கா எதையும் எடுக்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் சல்லடை சமாளித்திருப்பாள்.

“அந்த ஒத்திகை மெயில் அவருக்கு வராது, எனக்குத்தான் வரும்” என்றாள் அக்கா. “நான் பார்த்தேன். அப்புறம் போடலாம்னு வச்சேன். மறந்தும் போகல. எதுக்குப் போடணும், நெசமா ஏதாவதுன்னா நீ என்னக் கூப்பிட மாட்டியான்னு விட்டுட்டேன்.”

“உன்ன நான் ஒண்ணும் பண்ணலக்கா. அவர…”

“அவரு உள்ள போயிட்டாரு. ஃபோன யாரு எடுக்குறா, பாரு.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தங்கையின் தோளை அழுத்தி உட்காரவைத்து, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினாள். சின்ன வயதில் தலைவாரி விடும்போது எப்படி அழுத்திப் பிடிப்பாளோ அப்படியே பிடித்தாள். பட்டனைத் தட்டினாள்.

அந்தப் பக்கம் பேசியவர் ஒரு பெண், ஆலோசகர். நிதானமான குரல். தன்னிடம் நாற்பது பேர் வருகிறார்கள், புருஷனிடம்கூடச் சொல்லாததைத் தன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அது எல்லாம் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது என்றார். வெளியே போயிருக்குமா என்று கேட்டார். சல்லடை சாவியின் நீளத்திலிருந்து விளக்க ஆரம்பித்தாள். அவர் பாதியில் நிறுத்தினார்.

“அதெல்லாம் எனக்குப் புரியாது. யாராவது படிச்சிருப்பாங்களா, இல்லையா?”

“தெரியாது. தடயம் இருக்காது.”

“பத்து மணிக்கு ஊருக்கே சொல்லிட்டாங்க. எங்களுக்கு ஏன் முன்னாடி சொல்லல? யாருக்குமே தெரியாதா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா இன்னொரு ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

“எனக்குத் தெரியும்” என்றாள் சல்லடை. “நான்தான் கண்டுபிடிச்சேன். பதினாலு நாளாத் தெரியும்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

“உங்க பேரச் சொல்லுங்க” என்றார் ஆலோசகர். “அந்த நாப்பது பேரும் நாளைக்கு எங்கிட்ட கேப்பாங்க. யாரோ, எவரோன்னு சொல்ல முடியாது. ஒரு பேர் வேணும்.”

அவள் தன் பெயரைச் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னாள். எழுதிக்கொண்டு, நன்றி என்று வைத்துவிட்டார்.

பலகையில் நாற்பத்தாறு இருந்தது. சல்லடை ஹெட்போனைக் கழற்றப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து விலக்கினாள்.

“எல்லாருக்கும் நீயே சொல்லு” என்று அடுத்த பட்டனைத் தட்டினாள்.