நின்று தொழும் உயரம்

மூன்றாவது குழாயை எதில் செருகுவது என்று ஷாயிஸ்தாவுக்குத் தெரியவில்லை. மழை முக்காட்டை நனைத்துக் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்த கூடாரத் துணியை உதறினாள். கடற்கரை மணல் ஒரு பிடி கொட்டியது. நேற்று இரவு இதே துணிக்குக் கீழேதான் அம்மாவின் பக்கத்தில் படுத்திருந்தாள். இப்போது அம்மா உள்ளே கூடத்தில், மூடிய வெள்ளைத் துணிக்குக் கீழே, குளிப்பாட்டக் காத்திருந்தாள்.

குரோம்பேட்டையில் அந்த வீட்டுக் குளியலறைக்குள் ஒரு வாளியும் ஓர் ஆளும்தான் நிற்க முடியும். மையத்து உடலைக் குளிப்பாட்டக் கொல்லையில் நான்கு பக்கமும் போர்வை கட்டிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. மழை அதற்கு வழிவிடவில்லை. பந்தல்காரர் ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார். அப்போதுதான் அவளுக்குக் கூடாரத்தின் நினைவு வந்தது.

"இதுக்குள்ள நிக்க முடியுமாம்மா?" என்றாள் குளிப்பாட்ட வந்திருந்த ரூக்சார் அக்கா. "குனிஞ்சுகினு எப்பிடித் தண்ணி ஊத்துறது?"

"நிக்கலாங்க்கா. அம்மா நின்னு தொழணும்னுதான் அத்தா இவ்ளோ உயரமா தெச்சாங்க."

அவள் அத்தா அத்தாவுல்லாவுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கும் கடை. கடலோரமாக சைக்கிளில் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று வீட்டில் முடிவானதும், கூடாரத்தைத் தானே தைப்பதாகச் சொன்னார். கூடாரத்தில் அம்மா பரிதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உள்ள நின்னு தொழ முடியுமா?" அவர் மனைவியைச் சுவரோரம் நிறுத்தித் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டார். அதற்கு மேல் ஒரு சாண் விட்டுத் துணியை வெட்டினார். அந்தக் கோடு இன்னும் சுவரில் இருந்தது. அதன் கீழேதான் இப்போது வந்தவர்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஷாயிஸ்தா குழாயைப் போட்டுவிட்டு அத்தாவைக் கூப்பிட வாசல் பக்கம் போனாள்.

அவர் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே வாஜித் மாமா, அம்மாவின் அண்ணன், நின்றுகொண்டிருந்தார். சாவு வீட்டில் குற்றம் கண்டுபிடிக்க ஓர் ஆள் எப்படியும் வந்துவிடும், தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. மாமா அனகாபுத்தூரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைக்கு இன்னாத்துக்குய்யா சைக்கிளு? இவுரு பெரிய வெள்ளக்காரன், கடலாண்ட கூடாரம் அடிச்சுகினு! நல்லா இருந்தவளக் கூட்டிகினு போய் இப்பிடிக் கொண்ணாந்து போட்டுட்டியே."

அத்தா நிமிரவில்லை. விடியற்காலையில் தொழுகை முடித்துக் கூடாரத்துக்கு வெளியே மணலில் உட்கார்ந்த அம்மா, ஒரு டீ கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றாள். அவர் ஃபிளாஸ்கை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். ஷாயிஸ்தா உள்ளே மறுபடி தூங்கிப்போயிருந்தாள். அவர் திரும்பியபோது அம்மா மணலில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். மாரடைப்பு, வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, முக்கியமாக அத்தா.

"குழியில நானும் என் மவன் ஃபயாஸும் எறங்கிக்கிறோம்," என்றார் மாமா. "நீ மேலயே நில்லு."

"சரி மச்சான்."

அந்த 'சரி'யைத்தான் ஷாயிஸ்தாவால் தாங்க முடியவில்லை. மனைவியைக் கடைசியாக இறக்கிவைக்கத் தனக்கு உரிமையில்லை என்று அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். இனி வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே கிடப்பார். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அவள் எதையாவது செய்வதானால் அம்மாவைத் தூக்கிப்போகும் சந்தூக் இந்த வாசலைத் தாண்டுவதற்குள் செய்ய வேண்டும்.

"அத்தா, கொஞ்சம் கொல்லைப் பக்கம் வாங்க. எனக்குக் குழாய் மாட்டத் தெரியல."

அவர் எழுந்து வந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, கைகள் மட்டும் வேலையைத் தெரிந்துவைத்திருந்தன. குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன.

"சிமெண்ட்ல முளை எறங்காதே அத்தா."

"மணல்லயும்தான் நிக்கல," என்றார். காலையிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மூன்று சைக்கிள்களையும் தள்ளிக்கொண்டு வந்து, நேற்று கடற்கரையில் செய்தது போலவே படுக்கவைத்து, மேலே செங்கற்களை ஏற்றி, கயிறுகளை அவற்றில் கட்டினார். நான்காவது கயிற்றைப் பக்கத்து வீட்டு பாலாம்பாள் டீச்சரின் ஜன்னல் கம்பியில் கட்டினார். "நன்னா இழுத்துக் கட்டுங்கோ சார்," என்று உள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது. "வெந்நீர் போட்டிருக்கேன். இப்படியே தரேன்."

அத்தா உள்ளே போய் நின்று, கையை உயர்த்தி உச்சியைத் தொட்டுப் பார்த்தார். "பத்தும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நீலத் துணி வழியாக வந்த வெளிச்சத்தில் அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. மேலே மழை தடதடத்தது. ரூக்சார் அக்கா நிமிர்ந்து நின்றே தண்ணீர் ஊற்றினாள். வலது முழங்காலில் இருந்த சிராய்ப்பைக் கண்டு அவள் கை நின்றது.

"இதென்னம்மா?"

"நேத்து ரோட்டோர மணல்ல சறுக்கி விழுந்துட்டாங்க. ஒரே சிரிப்பு."

ரூக்சார் அக்கா அந்த இடத்தை மட்டும் வலிக்காமல் கழுவினாள். ஷாயிஸ்தாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வெள்ளைக் கபன் துணி சுற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, முகம் பார்க்க ஒவ்வொருவராக வந்தார்கள். வாஜித் மாமா தலைமாட்டில் நின்றபோது ஷாயிஸ்தா அவர் பக்கத்தில் போனாள்.

"மாமா, அம்மாவுக்கு சைக்கிள் கத்துக் குடுத்தது யாரு?"

"உங்கத்தாதான். வேற எவன்?"

"இல்ல மாமா. புதுசா வாங்கினப்ப அத்தா சீட்டப் புடிச்சுக்கத்தான் வந்தாங்க. விடுங்கன்னு சொல்லிட்டு அம்மா பாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அத்தா அசந்து போயிட்டாங்க. எப்பிடிம்மான்னு நேத்து ராத்திரி கேட்டேன்."

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தங்கரையில வாடகை சைக்கிள் எடுத்து எங்கண்ணன் கத்துக் குடுத்ததுடின்னாங்க. விழுந்தா தூக்கிவிட்டு, பாவாடையில இருக்குற மண்ணைத் தட்டிவிட்டு, வூட்ல சொல்லாதன்னு சொல்வீங்களாம். பெரிய மனுஷியானதும் நீங்களே வேணாம்னு நிறுத்திட்டீங்களாம். அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எங்கண்ணன் குடுத்தது மறக்கல பாருன்னாங்க. இந்தப் பயணம் அவங்க ஆசைப்பட்டுக் கேட்டது மாமா. அத்தா தலையாட்டினாங்க, அவ்ளோதான்."

மாமா தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துண்டால் வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மாலை அஸர் தொழுகை நேரத்துக்குச் சந்தூக்கைத் தூக்கினார்கள். மாமா முன்னால் தோள் கொடுத்தார். அத்தா எங்கோ பின்னால் இருந்தார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. தெருமுனை திரும்பியதும் அதுவும் தெரியவில்லை.

சொன்னது பலித்ததா, அந்த நேரத்தில் சொன்னதே தப்பா என்று ஒன்றும் புரியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ டீ கொடுத்தார்கள். வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். மழை நின்றிருந்தது.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆண்கள் திரும்பினார்கள். ஃபயாஸ் முதலில் வந்தான். அவன் பேண்ட்டில் கறையே இல்லை. அடுத்து மாமா வந்தார். கைலியில் முழங்கால் வரை சேறு. அவருக்குப் பின்னால் அத்தா. அவர் கைலியிலும் முழங்கால் வரை சேறு, இரண்டு சட்டைக் கைகளிலும் முழங்கை வரை சேறு. வலது தோளில் மட்டும் ஒரு கை பதிந்த அளவுக்கு மண் ஒட்டியிருந்தது.

ஷாயிஸ்தா எழுந்து வழிவிட்டாள்.

இருவரும் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போனார்கள். கூடாரம் அப்படியே நின்றிருந்தது. குழாயடிக்குப் பக்கத்தில் அம்மாவின் சைக்கிள் ஈரத்தில் படுத்திருந்தது. மாமா செங்கற்களை எடுத்து வைத்துவிட்டு அதைத் தூக்கி நிறுத்தினார். கயிறு தளர்ந்து கூடாரத்தின் ஒரு பக்கம் தொய்ந்தது.

"வேணாம் மச்சான்," என்றார் அத்தா. "துணி காயட்டும்."

மாமா சைக்கிளைப் பழையபடி மெல்லப் படுக்கவைத்தார். கயிறு இறுகியது. குனிந்தபடியே அதன் சீட்டில் இருந்த மண்ணைக் கையால் தட்டினார். கையிலும் மண் இருந்ததால் இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.