நாலாவது வளைவு

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

வெளிச்சுவரில் ஏறியிருந்த இரும்புப் பைப்பின் வளைவுகளைப் பேனா முனையால் எண்ணினார் இன்ஸ்பெக்டர். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் அந்தப் பைப்புக்குள் இறங்கி, சுவருக்குள் புகுந்து, கூடத்து மீட்டருக்குப் போகிறது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பத்தில் இணைப்புக் கொடுப்பார்கள்.

"மூணுதானே? போட்டுடலாமா?"

எலக்ட்ரீஷியன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய அக்கா முந்திக்கொண்டாள்.

"போடுங்க சார். நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துடும். பழைய லைன் ஃபேன் போட்டாலே மூச்சு வாங்குது. அது எங்க ஆக்சிஜன் மெஷினத் தாங்கப்போகுது?"

இனி வைத்திருந்து பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தன் கட்டிலில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் கணவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார். அக்கா, உள்ள வா."

கணவரின் அறையில் புதுப் பெயிண்ட் வாசனை. இரும்புக் கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

"நாலாவது வளைவு இந்தச் சுவருக்குள்ள இருக்கு."

"தெரியும். நான்தான் கொத்தனார்கிட்டச் சொல்லிப் பூசிட்டேன். அந்த வளைவோட மூடி துருத்திக்கிட்டு நின்னுச்சு, கட்டில் ஒட்டல."

"மூணுக்கு மேல வளைஞ்சா, மூடி எப்பவும் தொறக்குற மாதிரி இருக்கணும்க்கா. அதுதான் விதி."

"மனுஷன் மூணுன்னு எண்ணிட்டாருல்ல? நீ பெரிய அரிச்சந்திரன், கூப்பிட்டு நாலும்பியா?"

"விதி கெடக்கட்டும். கேபிள இழுக்கும்போது இந்த வளைவுல எதுவோ பிடிச்சுது. தம் கட்டி இழுத்துட்டேன். மறுநாள் மூடியத் தொறந்து பாத்துக்கலாம்னு போனேன். வந்து பாத்தா பூசிப் பெயிண்டும் அடிச்சாச்சு."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நீ பிரஷும் கையுமா நின்னே. சிரிச்சே. ரெண்டு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சே."

அக்கா சுவர்ப் பூச்சை விரலால் தடவினாள்.

"பிடிச்சுதுன்னா?"

"கேபிள் தோல் உரிஞ்சிருக்கலாம். உரியாமலும் இருக்கலாம்."

"உரிஞ்சிருந்தா?"

"பைப்பு இரும்பு. மூடி இரும்பு." அவன் கட்டிலைப் பார்த்தான். "மேல இருக்குறது அரை விரக்கடைப் பூச்சு."

"தள்ளு கட்டில."

சுத்தியலை அவன் நீட்டினான். உளியை மட்டும் அவனிடம் விட்டுவிட்டு, அடிகளை அவளே போட்டாள். சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்து நிலைப்படியில் நின்றார்.

மூடி கழன்றது. உள்ளே கறுப்புத் தோல் விரல் நீளத்துக்குக் கிழிந்து, செம்பு பளபளத்தது.

"பைப் வாயில பிளாஸ்டிக் வளையம் போடலையாப்பா?"

"போட்டேன் சார். இதோ, கழண்டு கீழ கெடக்கு. விளிம்பு அறுத்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "முழுசா மாத்தணும். நாளைக்குக் காலைல முதல் வேலையா இங்கதான் வரேன்மா. இன்னைக்கு என் கையில இல்ல."

அக்கா போனை எடுத்தாள். சுண்ணாம்பு விரல்களால் இரண்டு முறை தவறாக அழுத்தினாள்.

"என்னங்க... இன்னைக்கு இல்ல. நாளைக்கு."

மறுமுனையில் முதலில் மூச்சு மட்டும் வந்தது.

"ஏன்?"

"உங்க தலைமாட்டுச் சுவர நானே ஒடச்சுட்டேன்."

"அடிப்பாவி." மீண்டும் மூச்சு. "நான் இல்லாதப்போ... ஒரு சுவரக்கூட விட்டுவைக்க மாட்டியா?"

"நாளைக்குக் கண்டிப்பா."

"இருக்கேன். போ, வேலையப் பாரு."

வெளியே தம்பி பழைய கேபிளை உருவிக்கொண்டிருந்தான். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புதுசு எங்கடா?"

"வண்டியில. அக்கா, நீ அந்த வளைவுகிட்ட உக்காந்து கேபிளக் கையால உள்ள ஊட்டிவிடு. பிடிக்குற மாதிரி இருந்தா உடனே குரல் கொடு. உடனே."

"கொடுக்குறேன். நீ மெதுவா இழு."