மூத்தவள் வைத்த மரங்கள்

பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்கிக்கொண்டிருந்தபோதுதான் கணவர் ஏதோ முனகினார். அவள் காதை அருகில் கொண்டுபோனாள்.

"சாம்பல... வேப்ப மரத்தடியில போட்டுடுங்க."

அவளுக்கு வயிறு எரிந்தது. சாகப்போகிற மனுஷர் என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. படுக்கையில் கிடந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டதெல்லாம் இவள். கடைசி வார்த்தை மட்டும் மூத்தவள் வைத்த மரத்துக்கா?

"சரி" என்றாள். சாயங்காலம் உயிர் போய்விட்டது.

மூத்தவள், அவருடைய முதல் தாரம், இவள் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே செத்துப்போனவள். ஆனாலும் தோட்டம் முழுக்க அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். வெயில் இறங்கும் மேற்கில் வேம்பு, சமையலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் எலுமிச்சை, தெருப் புழுதிக்கு மறைப்பாக நெருக்கி நட்ட செம்பருத்தி. ஒன்றிலாவது குறை கண்டுபிடிக்க இவளும் ஆன மட்டும் பார்த்துவிட்டாள். பாழாய்ப்போன எல்லாமே சரியான இடத்தில் இருந்தன. இவள் வைத்தது ஒரே ஒரு குல்மொஹர் மரம். பூவில் மயங்கி, வீட்டுக்குக் கிழக்கே குளியலறைச் சுவரை ஒட்டி நட்டுத் தொலைத்தாள். வேர் தரையைத் தூக்கி, சுவரைப் பிளந்துவிட்டது. மூத்தவளின் மகன் பூசிப் பூசி அலுத்துப்போய், வெட்டுவதற்கு ஆளும் சொல்லிவிட்டான்.

தகனம் முடிந்த மறுநாள், அவனும் மருமகளும் சாம்பல் பானையோடு தோட்டத்துக்கு வந்தார்கள்.

"சித்தி, எங்க போடணும்னு அப்பா ஏதாவது சொன்னாரா?"

அவள் குல்மொஹரைக் காட்டினாள். "அங்க."

மருமகள் கேட்டாள். "மாமா எந்நேரமும் வேப்ப மரத்தடியிலதானே அத்தை உக்காந்திருப்பாரு?"

"உக்காந்தது அங்கதான்மா. பாத்துக்கிட்டு இருந்தது இத."

பொய் நாக்கில் தடுக்காமல் வந்தது. சொன்னதும் அவளுக்கே அது உண்மை மாதிரி இருந்தது. மருமகள் வேம்பு இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப வெட்ட வேணாம் சித்தி. சுவர இடிச்சுத் தள்ளிக் கட்டிக்கலாம்."

ஜெயித்துவிட்டாள். அந்தத் தெம்பில் நேராக வேம்படிக்குப் போனாள். அவருடைய நாற்காலி கிடந்தது. அதில் ஒருநாளும் அவள் உட்கார்ந்ததில்லை. இன்று சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து நிமிர்ந்தாள்.

எதிரே மாடியோடு வீடுதான் நின்றது. கழுத்தை எக்கிப் பார்த்தாள். குல்மொஹரின் ஒரு கிளைகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு அந்தப் பக்கம் மகன் சாம்பலுக்குக் குழி தோண்ட, கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். வேம்பின் நிழல் முடிந்து வெயில் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துக்கொண்டே போனாள்.