போதகரின் பக்கத்துக் கதிரைகள்

கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் போதகர் ஜஸ்ரின். செவ்வாய்க்கிழமைகளில் அதே மண்டபத்தில் குடியுரிமைச் சோதனைக்கு வகுப்பும் எடுப்பார். அவரிடம் படித்துப் பெயில் விட்டவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெருமைதான் அவருக்கு வினையாக வந்தது.

பிரஜையாகாமல் பி.ஆர். காட்டோடு, நிரந்தர வதிவாளராக இருப்பவர்களுக்கும் நகரசபைத் தேர்தலில் வோட்டு வேண்டும் என்று ஓர் இயக்கம். வரி கட்டுகிறோம், பஸ்ஸுக்குக் குளிரில் நிற்கிறோம், வோட்டு மட்டும் இல்லையா என்று கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டவர் போதகர். வான் ஓடும் அன்புராசா, அவரும் வோட்டில்லாதவர்தான், போதகருக்கு வலது கை. கடைசியில் நகரசபைக் குழு பேசக் கூப்பிட்டது. போதகருக்கோ வோட்டு உண்டு. வோட்டு இல்லாத ஒருவராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் எடுபடும். "ஓம் பாஸ்டர், ஆக்களை வானில ஏத்திக்கொண்டு வாறன்" என்றார் அன்புராசா.

ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் அதை அறிவித்தார். அதே மூச்சில், வகுப்பில் படித்த றெஜினா கனேடியப் பிரஜையாகச் சத்தியம் எடுக்கிறாள், எல்லாரும் வீட்டுக்குப் போய் வாழ்த்துங்கோ என்றும் சொல்லிவைத்தார். இரண்டும் ஒரே வியாழன் காலை என்பது மனிதருக்கு மண்டையில் ஏறவில்லை. போதகர் சொல்லைத் தட்டாத சபை அது. சாப்பாடு இருக்கிற பக்கத்துச் சொல்லை அறவே தட்டாது.

வியாழன் காலை நகரமண்டபத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரைகள் காலியாகக் கிடந்தன. வாசலைப் பார்த்துப் பார்த்தே பேசி முடித்தார்.

"நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ, அவர்களில் யாராவது வந்திருக்கிறார்களா?" என்று குழுவில் ஒரு பெண்மணி அன்பாகத்தான் கேட்டார்.

"இன்றைக்கு இல்லை."

நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட அவர் இவ்வளவு தனியாக நிற்கவில்லை.

அங்கிருந்து போனால், றெஜினா வீட்டில் ஒரே சிரிப்பு. "பாஸ்டர், சத்தியம் எடுக்கேக்க ஸூமில அதிகாரிமார் பாக்கப் பாக்க பி.ஆர். காட்டைக் கத்தரிக்கோலால வெட்டினன். இனி அது தேவையில்லையாம்!" என்று ரோல்ஸ் தட்டை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கும் சந்தோஷம்தான். கோபப்பட முடியாமல் போனதுதான் கொடுமை.

அன்புராசா அவரை மெல்ல ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று போதகர் நினைத்தார்.

"பாஸ்டர், நானும் சோதனை எழுதப்போறன். கெதியாப் படிப்பிச்சு விடுங்கோ. வோட்டில்லாத ஆக்களோட இன்னும் எவ்வளவு காலம் நிக்கிறது?"

போதகர் கையிலிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை வாரும்" என்றார்.