கண்ணாடி போட்ட கிளி

என் அண்ணன்மார் இரண்டு பேரும் ஆறு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. அன்றைக்குக் கிளிக்காக, ஊர்ப் பஞ்சாயத்து பேசும் உறவின்முறைத் தலைவர் சங்கரலிங்கம் மாமாவின் ஆபீசில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பட்டாசுப் பெட்டியில் இருக்கும் கண்ணாடி போட்ட கிளி அது. பாகம் பிரித்தபோது அந்த லேபிள் மட்டும் பிரியவில்லை. "நான் வரைஞ்சது" என்றார் பெரியவர் ரத்தினசாமி. "நான் வரைஞ்சது" என்றார் சின்னவர் சபரிநாதன். இரண்டு பேருக்கும் வாய் கூசவில்லை.

வரைந்தது நான். கல்யாணத்துக்கு முன்னால், அப்பாவின் அச்சாபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்து, ஒரு சிடியில் ஏற்றி வைத்தேன். எனக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். பெரியவர் பாகத்துக்குப் போன அச்சாபீசில் கிடந்த அதைக் கொண்டுவரச் சொன்னேன். பெரியவர் கொண்டுவந்தார், எகத்தாளத்துக்காகவே.

"இந்தா, பாத்துக்கோ. எம்புட்டோ தடவ போட்டுப் பாத்தாச்சு, தொறக்கல. நீ அங்கன டைப் அடிக்க உக்காந்தவ. வாய மூடிக்கிட்டு இரு."

ஏன் திறக்கவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆயுத பூஜைக்கு மிஷின், கத்தரி, ஸ்கேல் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் பெரியவர் பெண்சாதி ஸ்ரீமதி மதினி, சிடிக்கும் வைத்திருக்கிறாள். அதுவும் பளபளக்கும் பக்கமாகப் பார்த்து, வருஷம் தவறாமல். சந்தனத்தின் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் சந்தனம். பாவி, கும்பிட்டே கெடுத்திருந்தாள்.

குழாயடியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குச் சேலைத் தலைப்பால் மெல்லத் துடைத்தேன். மாமாவின் பழைய கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டு உர்ரென்று சுற்றியது. திறந்தது.

பன்னிரண்டு கிளிகள். கண்ணாடியே இல்லாத கிளி, மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கும் கிளி, கடைசியாக அப்பாவின் கண்ணாடியைப் பார்த்துப் போட்ட கிளி. எல்லாவற்றிலும் 2003ஆம் வருஷத் தேதி, சுப்புலட்சுமி என்று என் பெயர்.

"இதுல எந்தக் கிளிய நீங்க வரைஞ்சீக, ரத்தினசாமி?" என்றார் மாமா.

பெரியவர் எட்டி, அழிக்கும் பட்டனை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். கிளிகள் அப்படியே இருந்தன.

"அதுல படிக்க மட்டுந்தான் முடியும், அண்ணே. அழிக்க முடியாது" என்றேன்.

ஆறு வருஷத்துக்கப்புறம் அப்போதுதான் தம்பியிடம் வாயைத் திறந்தார். "ஏலே சபரி, என்னலே பாத்துக்கிட்டு இருக்க? அத வெளிய எடுத்து ஒடைலே!"

சின்னவரும் உடனே எழுந்துவிட்டார். என்னை ஒழிக்க என்றால் எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்!

மாமா கம்ப்யூட்டருக்குக் குறுக்கே வந்து நின்றார். "உக்காருங்க ரெண்டு பேரும். லேபிள் சுப்புலட்சுமிக்குப் பாத்தியம். யாரு அச்சடிச்சாலும் அவ கையெழுத்து வேணும்." எழுதியும் கொடுத்துவிட்டார்.

அடுத்த சீசனுக்குக் கிளி வேண்டுமென்றால் இரண்டு பேரும் என் வீட்டு வாசலுக்குத்தான் வரவேண்டும். வரட்டும். உட்காரச் சொல்வேன், காப்பி கொடுப்பேன். கையெழுத்துப் போடமாட்டேன்.