ஜெய்யின் விரதம், அனுப்ரியாவின் அடுப்பு

காவடி எடுக்கப்போகிறவன் ஜெய். அதன் பாரம் என்னவோ இப்போதே அனுப்ரியாவின் தலையில் ஏறியிருந்தது, அதுவும் விடுமுறைக்கென்று வந்த இடத்தில்.

பாசிர் ரிஸ் கடற்கரையில் மூன்று இரவுக்குச் சாலே என்கிற அந்த விடுதி வீட்டை எடுத்ததே அவள்தான். தஞ்சோங் பகார் ஆபீஸில் ஆகஸ்ட் மாதமே லீவு சொல்லிவைத்து, மேலதிகாரியின் முகம் கோணியதையும் பொறுத்துக்கொண்டு எடுத்தாள். மூன்று வயது ரித்திக் அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. ஜூரோங்கில் பதினான்காவது மாடியில் வளர்கிற பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் குளியலறை வாளிதான். அவனைக் கையில் பிடித்துக் கடலில் இறக்க வேண்டும், பெரியவள் ரோஷினியோடு அலையில் உட்கார வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். மாமனார் வடிவேலுவையும் மாமியார் ரத்தினம்மாவையும் ஜெய்யின் அக்கா ரக்ஷனாவையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று வாயைவிட்டதும் அவளேதான். அந்த வாயை இப்போது தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காலண்டரைப் பார்க்காமல் விட்டது அவள் தப்பு. தைப்பூசம் இந்த முறை பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்துவிட்டதால், ஒரு மண்டல விரதம் டிசம்பர் பாதியில் ஆரம்பித்துவிட்டது. சாலேயை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று கணவனிடம் கேட்டாள். பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறேன் என்று ஜெய் பெருந்தன்மையாகச் சொன்னான். அந்தப் பெருந்தன்மையைத் தேக்கா சந்தையில் வாங்கிய புதுச் சட்டி, புதுக் கரண்டி, வாழையிலைக் கட்டோடு சேர்த்துச் சுமந்துகொண்டு வந்தது அவள்.

வந்து இறங்கியதும் கீழே இருந்த நல்ல அறை ஜெய்க்குப் போனது. விரதக்காரன் தனியாகப் பாய் விரித்துப் படுக்க வேண்டுமாம். மற்ற எல்லோரும் மாடியில் ஒரே அறையில் அடைந்துகொண்டார்கள். விடியும் முன்பே எழுந்து தலைக்குக் குளித்து, அவனுக்குப் பால் காய்ச்சி, பழம் நறுக்கி, பகல் முழுக்க அந்தத் தனிச் சட்டியை யாரும் தொடாமல் காவல் காத்து, பொழுது சாய்வதற்குள் அவனுடைய ஒருவேளைச் சாப்பாட்டை ஆக்கி வைக்க வேண்டும். சமைக்கிறவள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டதால், அவளும் கறி மீன் தொடக்கூடாது. ஜெய் காதில் பக்திப் பாட்டை மாட்டிக்கொண்டு கடற்கரையோரமாக நடந்துவிட்டு வந்து, மனசு அப்படியே லேசாக இருக்கிறது என்றான். இருக்காதா பின்னே.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி அவள் வாயைக் கட்டிப்போட்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. ரித்திக் பிறந்த அன்று அவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. டாக்டர்கள் ஓடினார்கள். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நின்ற ஜெய், இவள் பிழைத்துவிட்டால் மூன்று வருடம் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். அவள் பிழைத்தாள். முதல் வருடம் டேங்க் ரோடு கோயிலில் அவன் காவடியை இறக்கியபோது அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகையில் பொய்யில்லை. ஆனால் அன்றிலிருந்து எதற்கு முணுமுணுத்தாலும், உனக்காகத்தானே என்ற ஒரே சொல்லை அவள் முன்னால் வைத்தார்கள். ரக்ஷனா ஒருபடி மேலே போய், இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பாள். முருகன்மீது அனுப்ரியாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. முருகன் ஒருநாளும் அவளிடம் தனிச் சட்டி கேட்டதில்லை. அவள் உயிருக்காகச் செய்த வேண்டுதலில் அவளைத் தவிர எல்லோருக்கும் பேச்சிருந்தது என்பதுதான் அவள் வயிற்றை எரித்தது.

முதல் நாள் ரித்திக்கைத் தூக்கிக்கொண்டு மணல்வரை போய்விட்டாள். ஜெய் வந்துவிட்டான், பால் சூடாக வேண்டும் என்று ரக்ஷனா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். அந்தக் குரல் கொடுத்த நேரத்தில் அவளே பாலைக் காய்ச்சியிருக்கலாம். அனுப்ரியா பாதியில் திரும்பினாள். இரண்டாம் நாள் காலை முழுக்க மழை. மத்தியானம் வெளுத்ததும் பிள்ளைக்கு நீச்சல் உடை போட்டு, கையில் மிதவையும் மாட்டிவிட்டாள். அவன் வாசல்படியில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். அதற்குள் ரத்தினம்மா வந்து, பொழுது போகிறது, அரிசியைப் போடு என்றாள். அப்புறம் போகலாம்டா கண்ணா என்று அனுப்ரியா சொன்னாள். வந்ததிலிருந்து அவள் சொன்ன எத்தனையாவது அப்புறமோ அது. பிள்ளை மிதவையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்து அழுதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அரிசி களைந்தாள்.

சாயங்காலம் வெளியே பார்பிக்யூ அடுப்பில் வடிவேலு கரி மூட்டினார். சிக்கன் விங்ஸ், சொசேஜ், இலையில் சுற்றிய மசாலா மீன் எல்லாம் வந்து இறங்கின. வாசனை உள்ளே வரக்கூடாது என்று கதவைச் சாத்தச் சொன்னான் ஜெய். உள்ளே இலை விரித்துச் சோறும் ரசமும் உருளைக்கிழங்கும் பரிமாறிவிட்டு, அனுப்ரியா ஓரமாக நின்றாள்.

அப்போதுதான் ரித்திக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். கையில் பாதி கடித்த சிக்கன் விங் இருந்தது. எல்லோரும் அதைச் சாப்பிடுகிறார்கள், அப்பாவுக்கு மட்டும் யாரும் தரவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேராக வந்து, "அப்பாவுக்கு" என்று சொல்லி இலை நடுவில் வைத்தான்.

ஜெய் ஓங்கி அவன் கையில் அடித்தான். இலை தெறித்து, ரசம் தரையில் ஓடியது. ரித்திக்குக்கு முதலில் அழுகைகூட வரவில்லை. வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்த்தான், பிறகு வீறிட்டான். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே ஓடிவந்தார்கள்.

"உனக்காகத்தானே நான் இவ்ளோ கஷ்டப்படுறேன்? ஒரு பிள்ளைய பாத்துக்க முடியலயா உனக்கு?" என்றான் ஜெய், அவளைப் பார்த்து.

ரத்தினம்மா பேரனைத் தூக்கி ரோஷினியிடம் விட்டுவிட்டு, ஆனது ஆகிவிட்டது, நீ குளித்துவிட்டுப் புதிதாக ஒரு பிடி பொங்கு, அவன் பசியோடு இருக்கிறான் என்று மருமகளிடம் சொன்னாள். அனுப்ரியா தரையைத் துடைத்தாள், குளிக்கப் போனாள். தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னக் கையில் விழுந்த அடி அவள் காதிலேயே நின்றது.

ஈரத்தலையோடு வந்து, ஜெய்யின் திருநீற்றுப் பையைத் திறந்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். அடுப்புப் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, நானும் விரதம் எடுத்துட்டேன். இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம்."

என்ன திடீரென்று, எதற்காம் என்று ரக்ஷனா கேட்டாள்.

"உங்க தம்பிக்காகத்தான் அண்ணி. அவரு கோபம் குறையணும்னு வேண்டிக்கிட்டேன்."

நாள் போதாதே அம்மா, விரதம் தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டதே என்றார் வடிவேலு, நிஜமாகவே கணக்குப் போட்டபடி.

"அவரு ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து நானும் கறி மீன் தொடல மாமா. சமைக்கிறவ சுத்தமா இருக்கணும்னு அத்தை சொன்னாங்க. அதனால நாள் சரியாத்தான் இருக்கு."

அப்போது யார் சமைப்பது என்று ஜெய் கேட்டான். அவன் குரலில் கோபத்தைவிடப் பசி அதிகமாக இருந்தது.

"இங்க கறி தொடாத கை ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. நான் விரதக்காரி, நான் தனியா இருக்கணும். கீழ் ரூம்ல நான் படுத்துக்கிறேன், பிள்ளைங்க உங்ககூட மேல படுப்பாங்க. நீங்களே சமைங்க, எனக்கும் சேர்த்து."

"என்ன விளையாடுறியா? நான் உனக்காக..."

"நான் கேக்கல ஜெய்." அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு நான் மயக்கத்துல கிடந்தேன். எழுப்பிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். காவடி வேணாம், வீட்டுக்கு வந்ததும் ராத்திரியில பிள்ளைய ஒரு மணி நேரம் தூக்கி வெச்சிக்கங்க, நான் தூங்கணும்னு சொல்லியிருப்பேன். மூணு வருஷமா அதத்தான் சொல்ல வாயெடுக்கிறேன், உனக்காகத்தானேன்னு அடக்கிடுறீங்க."

எல்லோரும் ரத்தினம்மாவைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் தீர்ப்புச் சொல்கிறவள் அவள்தான். சாமி காரியத்தில் வாய் கொடுத்தால் அவளுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். வடிவேலுவும் தலை நரைக்கும்வரை காவடி எடுத்தவர்; அத்தனை வருடமும் தனிச் சட்டியில் ஆக்கிப்போட்டவள் ரத்தினம்மா. ரத்தினம்மா ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த இலையைப் பார்த்தாள், மருமகள் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்தாள், பிறகு கணவரை வெகுநேரம் பார்த்தாள்.

"அரிசி அந்தச் செவப்புப் பையில இருக்கு ஜெய்," என்றாள். "மூணு தண்ணி கழுவிப் போடு. உங்கப்பாவும் வந்து பக்கத்துல நிக்கட்டும். இத்தன வயசாச்சு, சோறு எப்படிப் பொங்குறதுன்னு அவருக்கும் தெரியணும்லா."

சொல்லிவிட்டு அவளும் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். ஜெய் பையைத் திறந்து, அரிசியை எதில் அளப்பது என்று தெரியாமல் நின்றான்.

அனுப்ரியா காத்திருக்கவில்லை. ரித்திக்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ரோஷினியின் கையைப் பிடித்து, மணலைத் தாண்டி நடந்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தூரத்தில் கப்பல்கள் நின்றன. பிள்ளையைத் தண்ணீரில் இறக்கியபோது அவன் கத்திக்கொண்டு அவள் காலைக் கட்டிக்கொண்டான், அடுத்த அலைக்குச் சிரித்தான். அவன் புறங்கையில் அடியின் சிவப்பு இன்னும் மறையவில்லை. அவள் அதைத் தண்ணீரில் நனைத்துத் தடவிக்கொடுத்தாள். அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று அவள் அவசரப்படவும் இல்லை.