டமாரமும் தேனீயும் மறுபடி மோதிய மதியம்

லிஃப்ட் பழுது பார்க்கும் டமாரத்துக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போயிற்று. கை கால் மெல்லத் திரும்பின. வாய் திரும்பவில்லை. பிறர் சொல்வதெல்லாம் புரிந்தது, பதில்தான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பெண் குடைப் படத்தைக் காட்டி, "இது என்ன சார்?" என்று கேட்டால் உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், "அ... அ..." என்று ஏதோ வரும். உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு காலத்தில் அவர் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. டமாரம் என்பதே ராப் பாடி வாங்கிய பட்டம். மேடையெல்லாம் கிடையாது, மேம்பாலத்தின் அடியில் வண்டி நிறுத்தும் இடம்தான். நகலுக்கு நகல் எடுத்துத் தேய்ந்த கேசட், தோளில் சுமந்து வந்த டேப்ரெக்கார்டர், சுற்றி நின்று தாளம் போடும் கூட்டம். நடுவில் இருவர் ஒருவரையொருவர் வரிக்கு வரி வாரிவிட வேண்டும். வாயடைத்து நின்றவர் தோற்றார். அங்கே டமாரத்தின் வாயை அடைத்த ஒரே ஆள், தேனீ என்று பட்டம் வாங்கிய ஒரு பெண். தோற்ற மறுவருஷமே அவளைக் கட்டிக்கொண்டார்.

அந்தத் தேனீ இப்போது கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறாள். அன்று சாப்பாட்டு இடைவேளையில், உடையில் ஒட்டிய நூல் பிசிறோடு மகளையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். பயிற்சிப் பெண் குடைப் படத்தை நீட்டினாள். டமாரம் அதைத் தட்டிவிட்டார். படம் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

தேனீக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "யோவ், அந்தப் பொண்ணு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் சுவரைப் பார்த்தார். அவளுக்கு என்ன தோன்றியதோ, கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கினாள். மேம்பாலத்தடியில் அவரோடு மோதிய அன்று எடுத்துவிட்ட முதல் வரிகள் வாயில் வந்தன.

"மைக்கைப் பிடிச்ச கையி நடுங்குது பாரு,
மழையில நனைஞ்ச கோழிக்கு மைக் கொடுத்தது யாரு?"

டமாரம் சட்டென்று திரும்பினார். விரல்கள் போர்வையில் தாளத்தைப் பிடித்தன. வாய் திறந்தது.

"கோழின்னு சொன்னியே, கொக்கரிப்பேன் கேளு,
கொட்டுற தேனீக்கும் கொஞ்சம்தான் நாளு."

அன்று அவர் கொடுத்த அதே பதில், ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவரே திகைத்துப்போய்த் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா, அப்பா பேசிட்டாரும்மா" என்றாள் மகள்.

பயிற்சிப் பெண்ணின் முகமும் மலர்ந்துதான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். "இது மனப்பாடம்கா. பழைய பாட்டு சில பேருக்கு அப்படியே தங்கிடும், தானா வரும். புதுசா ஒரு வார்த்தை வந்தாதான் பேச்சு திரும்புதுன்னு சொல்லலாம்."

"புதுசுதானே?" தேனீ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "நீ தட்டுடி."

மகள் காலி சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். தேனீ ஆரம்பித்தாள்.

"வார்டுக்கு வந்ததும் வாய் எங்க போச்சு?
வம்புக்கு நிக்கிறேன், எங்கய்யா பேச்சு?"

டமாரத்திடம் இதற்குத் தயார் பதில் இல்லை. நெற்றி வியர்த்தது. தாளம் ஒரு சுற்றுப் போயிற்று, இன்னொரு சுற்றும் போயிற்று. மகள் விடாமல் தட்டினாள். தேனீ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தாள்.

"சூ... சூப்புல..." என்றார். தலை தாளத்துக்கு ஆடியது. "சூப்புல உப்பில்ல... நாக்கு... செத்துப்போச்சு."

வார்டே சிரித்தது. பயிற்சிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நெசந்தாங்க," என்றார் அடுத்த கட்டில்காரர், "வாயில வைக்க முடியல."

தேனீ அன்று வேலைக்குத் திரும்பவேயில்லை. மறுநாளிலிருந்து படங்கள் பைக்குள் போயின. பயிற்சிப் பெண் தாளம் போட, வம்பிழுப்பதே பயிற்சியாயிற்று. ராப் பக்கமே போகாத அவள், அந்தக் காலத்துக் கேசட்டுகளை மகளிடம் கேட்டு வாங்கிப் போனாள்.

வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து, டமாரம் சாப்பாட்டு மேசையைத் தட்டிக்கொண்டே, தான் வேலை பார்த்த லிஃப்ட் பட்டறைக்குத் தானே போன் செய்தார். "நாளைக்கு... வரேன். ஸ்பேனர... எடுத்து வை." அந்தப் பக்கம் அவர் தட்டலுக்கு ஏற்ப பெஞ்சில் யாரோ தாளம் போடுவது கேட்டது. இன்னொரு கை சேர்ந்தது, அப்புறம் இரும்பும் சேர்ந்தது. டமாரம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி அவரோடு மோத ஒரு பட்டறையே இருக்கிறது என்று தேனீக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.